புத்தகத்தைப் பார்த்துவிட்டு வண்டியைத் தொடுங்கள்

ஆர்எக்ஸ் 100 வாங்கலாமா என்று கேட்க வருகிறவர்களில் பாதிப் பேர் வண்டியைப் பார்த்து, ஒரு ரவுண்டு ஓட்டி, மனசுக்குள் அதை வீட்டு வாசலில் நிறுத்தியும் முடித்துவிட்டுத்தான் வருகிறார்கள். அவர்களுக்கு யோசனை தேவையில்லை, ‘ஆமாம், வாங்கு’ என்ற ஒரு வார்த்தை போதும். நீங்கள் இன்னும் அட்வான்ஸ் கொடுக்கவில்லை என்கிறீர்கள். அப்படியானால் உட்காருங்கள், டீ சொல்லியிருக்கிறேன். ஒரு டீயில் முடிகிற பேச்சு இல்லை இது.

முதலில் ஊர் வரலாறு கொஞ்சம். 1980-களின் தொடக்கத்தில் 100 சிசி வரைக்குமான வண்டிகளை வெளிநாட்டுக் கூட்டோடு இங்கே செய்யலாம் என்று அரசு கதவைத் திறந்தது. ஜப்பானின் நான்கு பெரிய கம்பெனிகளும் ஆளுக்கொரு உள்ளூர்க் கூட்டாளியைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தன. 1984-இல் நம் ஓசூரில் டிவிஎஸ்ஸும் சுசுகியும் சேர்ந்து இண்ட்-சுசுகி ஏஎக்ஸ் 100. 1985-இல் ஹரியானாவின் தாருஹேராவிலிருந்து ஹீரோ ஹோண்டா சிடி 100. அதே ஆண்டு கடைசியில் எஸ்கார்ட்ஸ் தயாரித்த யமஹா ஆர்எக்ஸ் 100. 1986-இல் கவாசாகி பஜாஜ் கேபி 100. எல்லாமே நூறு நூறாக இருப்பதற்குக் காரணம் அந்த உச்சவரம்புதான். இதற்கும் முன்பே, 1983-இல், அதே எஸ்கார்ட்ஸ் யமஹாவின் ஆர்டி 350-ஐ ராஜ்தூத் 350 என்று இறக்கிவிட்டது. அது தனி ஜாதி வண்டி, அதற்குப் பிறகு வருகிறேன்.

ஆர்எக்ஸ் 100-இன் உற்பத்தி 1996-இல் நின்றது. புகைக் கட்டுப்பாடு இறுகியதும் அந்த இன்ஜினுக்கு இடமில்லாமல் போயிற்று. பின்னால் வந்த ஆர்எக்ஸ் 135 அதே குடும்பத்துப் பிள்ளை. 2005-இல் அடுத்த கட்ட விதிகள் வந்தபோது அதுவும் விடைபெற்றது. ஆக, இன்று விற்பனைக்கு வரும் மிகப் புதிய ஆர்எக்ஸ் 100-க்கே முப்பது வயது. இந்த முப்பது வருடத்தில் அது எத்தனை கை மாறியது, எத்தனை பட்டறையில் பிரிந்து கிடந்தது, எந்த மழையில் நின்றது என்பதெல்லாம் யாருக்கும் தெரியாது. விற்கிறவருக்கும் தெரியாது. ‘சிங்கிள் ஓனர், டாக்டர் வச்சிருந்த வண்டி’ என்பார். எல்லா ஊரிலும் அந்த டாக்டர் இருக்கிறார்.

இந்தத் தொழிலில் நான் நம்புகிற கணக்கு ஒன்றுதான். எதைத் திரும்பச் செய்துகொள்ள முடியுமோ அதற்குப் பெரிய விலை கொடுக்காதீர்கள், எதைச் செய்ய முடியாதோ அதற்குக் கொடுங்கள். கேட்கச் சுலபமாகத்தான் இருக்கும். ஆனால் வாங்கப் போகிறவர் கண் எங்கே போகிறது என்று கவனியுங்கள். முதலில் பெயின்ட், அப்புறம் சைலன்சர் சத்தம், அப்புறம் பிக்கப். பேப்பரைக் கடைசியில்தான் கேட்கிறார். இந்த வரிசையைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டால் சரியான வரிசை வந்துவிடும். இன்ஜினை லேத் பட்டறையில் புதிதாக்கிவிடலாம். தகரத்தையும் குரோமையும் பாடுபட்டால் மீட்கலாம். தொலைந்துபோன பதிவுப் புத்தகத்தையும் அழிந்துபோன சேசிஸ் நம்பரையும் எந்த மெக்கானிக்காலும் செய்து தர முடியாது. செய்து தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

ஆகையால் ஆர்.சி. புக்கிலிருந்து ஆரம்பிப்போம்.

சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 ஆண்டுதான் செல்லும். அதற்குப் பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கொண்டுபோய்க் காட்டி, கட்டணமும் பசுமை வரியும் கட்ட வேண்டும். நம் ஆட்கள் இதை ‘எஃப்.சி. காட்டுறது’ என்பார்கள். விற்பனைக்கு வரும் வண்டியின் பதிவு உயிரோடு இருக்கிறதா, எந்தத் தேதி வரைக்கும் என்பது முதல் கேள்வி. பதிவு காலாவதியாகிப் பத்து வருடமாகக் கொட்டகையில் கிடந்த வண்டியைப் புதுப்பிக்க வழி உண்டு, தாமதக் கட்டணமும் அலைச்சலும் சேரும். பதிவே ரத்தாகியிருந்தால் அது வண்டி இல்லை, உதிரிப் பாகம். அந்த விலைக்குத்தான் கேட்க வேண்டும்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு முந்தைய வண்டிகளுக்கு இப்போதுள்ள டிஎன் 01, டிஎன் 37 மாதிரி இல்லாமல் மூன்று எழுத்துப் பழைய நம்பர் இருக்கும். அந்த நம்பர் பலகைக்கே மயங்குகிறவர்கள் உண்டு. மயங்கலாம், தப்பில்லை. ஆனால் அந்தக் காலப் பதிவுகள் பேரேட்டில் கையால் எழுதப்பட்டவை. அரசின் கணினிப் பதிவான வாகன் தளத்தில் ஏற்றப்படாமலே விட்டுப்போனவை ஏராளம். ஏற்றாத வரை பெயர் மாற்றம், இன்சூரன்ஸ், புதுப்பிப்பு எதுவும் நகராது. முதலில் பதிவான ஆபீசுக்கே போய், பழைய பதிவை ஏற்றித்தரக் கேட்க வேண்டும். இந்த வேலையை வாங்கியபின் நீங்கள் செய்யாதீர்கள். விற்கிறவர் முடித்துக் கொடுத்தால் கேட்ட விலையைக் கொடுங்கள். முடியாது என்றால் விலையில் நன்றாகக் குறையுங்கள்.

இன்னும் இரண்டு முள் இருக்கிறது. ஒன்று, ‘ஹெச்.பி.’ என்ற கடன் குறிப்பு. 1990-களில் தவணையில் எடுத்த வண்டியின் கடன் என்றோ முடிந்திருக்கும். ஆனால் குறிப்பை நீக்கியிருக்க மாட்டார்கள். கடன் கொடுத்த சிட்டுக் கம்பெனியோ ஃபைனான்ஸோ இழுத்து மூடியே இருபது வருடம் ஆகியிருக்கும், தடையில்லாச் சான்று யாரிடம் வாங்குவது? இன்னொன்று, புத்தகத்தில் பெயருள்ளவர் காலமாகியிருப்பது. விற்கிறவர் அவருடைய மகனோ மருமகனோ என்றால், முதலில் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும், அதற்குப் படிவம் 31. அப்புறம்தான் வழக்கமான 29-ம் 30-ம் உங்கள் பெயருக்கு. வெளிமாநிலம் என்றால் 28-ம் சேரும். டெல்லிப் பக்கத்தில் 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்கு நெடுநாளாகவே சிக்கல் இருப்பதால் அங்கிருந்து வண்டிகள் தெற்கே இறங்குகின்றன. விலை இனிக்கும். இங்கே கொண்டுவந்து வரி கட்டி, மறுபதிவு செய்து முடிக்கும்போது அந்த இனிப்பு போய்விடும்.

பேப்பரில் உள்ள நம்பர்களை வண்டியில் தேடுங்கள். சேசிஸ் நம்பர் ஹேண்டில்பாருக்குக் கீழே கழுத்தில் குத்தியிருக்கும், இன்ஜின் நம்பர் கிராங்க்கேஸில். ஆர்எக்ஸ் 100 என்றால் 1எல்1 என்று தொடங்க வேண்டும். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பாருங்கள். ஃபேக்டரியில் குத்திய எழுத்துகள் ஒரே உயரமாக, ஒரே ஆழமாக இருக்கும். ஒன்று மேலே, ஒன்று கீழே என்று ஆடினாலோ, சுற்றிலும் கிரைண்டர் தடவிய வழவழப்பு தெரிந்தாலோ டீக்காசை மட்டும் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். அது திருட்டு வண்டியாக இருக்கலாம். இன்ஜின் நம்பர் மட்டும் ஒத்துப்போகவில்லை என்றால் யாரோ ஒரு காலத்தில் இன்ஜினை மாற்றியிருக்கிறார், ஆர்.சி.யில் ஏற்றவில்லை. அது குற்றம் கம்மியான கதைதான். ஆனால் எஃப்.சி.க்குப் போகும் நாளில் பென்சிலைத் தேய்த்து நம்பரைப் பிரதி எடுப்பார்கள், அப்போது அந்தக் கதையை நீங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

நடுவில் ஒன்று. ‘விண்டேஜ் வண்டி’ என்று விளம்பரம் போட்டால் விலை ஏறும் என்று நினைக்கிறார்கள். 2021-இல் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் கடந்த, அடிப்படை மாற்றம் செய்யாத வண்டிக்குத்தான் அந்தத் தகுதி. ‘விஏ’ என்ற எழுத்தோடு தனி நம்பர் தருவார்கள், புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் அந்த வண்டியைத் தினசரி சாலையில் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, பெட்ரோல் போடப் போவது என்று குறிப்பிட்ட காரியங்களுக்கு மட்டும்தான். 1985-இல் பதிவான முதல் ஆர்எக்ஸ் 100-க்கே அந்த வயது 2035-இல்தான் வரும். சட்டக் கணக்கில் இவையெல்லாம் வெறும் பழைய வண்டிகள். அதுவும் நல்லதுதான், வேலைக்கு ஓட்டிக்கொண்டு போகலாம்.

அடுத்து மேலுடம்பு. இரண்டாவது டீ சொல்லட்டுமா?

டேங்க், மட்கார்டு, சைடு பேனல், ஹெட்லைட் டூம், மீட்டர், இண்டிகேட்டர், ஸ்விட்ச் பெட்டி. கம்பெனி கொடுத்த இந்தச் சாமான்கள் இருக்கிற வண்டியும், டூப்ளிகேட் போட்ட வண்டியும் ஐந்தடி தூரத்திலிருந்து ஒன்றுபோலவே தெரியும். கையில் எடுத்தால் வித்தியாசம் புரியும். டூப்ளிகேட் மட்கார்டு தட்டினால் தகர டப்பா ஓசை தரும், ஓட்டை பொருந்தாது, மெக்கானிக் அதை இழுத்துப் பூட்டியிருப்பார். ஆரம்ப கால வண்டிகள் ஜப்பானிலிருந்து பாகமாக வந்து இங்கே கோக்கப்பட்டவை. அவற்றில் ஜப்பான் முத்திரையுள்ள சாமான்கள் இன்னும் தங்கியிருந்தால் சேகரிப்பவர்கள் சொத்து எழுதிவைப்பார்கள். சென்னை புதுப்பேட்டையில் பொறுமையாகத் தேடினால் இன்றும் ஒரு நல்ல மீட்டரோ டேங்கோ சிக்கும். ஆனால் அந்தக் கடைக்காரர்களுக்கும் இப்போது விலை தெரியும்.

பெயின்ட் விஷயத்தில் என் கட்சி தெளிவு. மங்கிப்போன, அங்கங்கே கீறல் விழுந்த கம்பெனிப் பெயின்ட் ஒரு பக்கம், போன வாரம் அடித்த பளபளப்பு ஒரு பக்கம் என்றால் மங்கலுக்கே கூடுதல் காசு கொடுப்பேன். கறுப்பு, செர்ரி சிவப்பு, மயில் நீலம் என்று வந்த வண்டி அது. புதுப் பெயின்ட் என்பது ஒரு போர்வை. அதற்குக் கீழே பட்டி தடவிய பள்ளமோ, துருப்பிடித்து வெல்டிங் வைத்த சேசிஸோ இருக்கலாம். காந்தத் துண்டை ஒரு மெல்லிய துணியில் சுற்றி டேங்க் மேல் நகர்த்துங்கள். பட்டி கனமாக இருக்கும் இடத்தில் காந்தம் பிடி தளரும். டேங்க் மூடியைத் திறந்து உள்ளேயும் அடியுங்கள் டார்ச்சை. பழுப்பாகத் தூள் தெரிந்தால் உள்ளே துரு.

இனி, எல்லோரும் முதலில் பேச விரும்பும் இன்ஜின். 98 சிசி, 50 மில்லிமீட்டர் போர், 50 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 11 குதிரைச் சக்தி. நூறு கிலோ சுற்றியுள்ள ஒரு உடம்புக்கு அந்தப் பதினொன்று அன்றைக்கு மிரட்டலாக இருந்தது, போட்டி வண்டிகள் எட்டை ஒட்டியே நின்றன. இது டூ ஸ்ட்ரோக். வால்வு, கேம், செயின் என்று தலையில் எதுவும் இல்லை. பிஸ்டன் மேலே ஏறும்போது கீழே கிராங்க்கேஸில் வெற்றிடம் உண்டாகி, ரீட் வால்வு என்ற மெல்லிய தகட்டு இதழ்களைத் திறந்துகொண்டு பெட்ரோலும் காற்றும் உள்ளே வரும். பிஸ்டன் இறங்கும்போது இதழ்கள் மூடிக்கொள்ள, அந்தக் கலவை அழுந்தி மேலே பாயும். அதாவது கிராங்க்கேஸ் என்பது கொல்லன் துருத்தி மாதிரி. துருத்தியில் ஓட்டை இருந்தால் உலை எரியாது.

அந்த ஓட்டைதான் பழைய டூ ஸ்ட்ரோக்கின் பாதி வியாதி. கிராங்க் தண்டின் இரண்டு பக்கமும் ரப்பர் ஆயில் சீல் உண்டு. வயதாகி அது கெட்டிப்பட்டு விரியும். வலது பக்கம், கிளட்ச் இருக்கும் பக்கத்து சீல் போனால் இன்ஜின் கியர் ஆயிலை உறிஞ்சிக் குடிக்கும். வெள்ளையாய் அடர்ந்த புகை நிற்காமல் வரும், கியர் ஆயில் மட்டம் தானாகக் குறையும். இது காசுக்குத்தான் கேடு. இடது பக்கம், மேக்னெட் பக்கத்து சீல் போனால் காற்றை உறிஞ்சும். கலவை நீர்த்துப்போய் ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் கத்திக்கொண்டே இருக்கும், சூடு ஏறும், ஒரு நாள் பைபாஸில் பிஸ்டன் சீஸ் ஆகிப் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். இது உயிருக்குக் கேடு. இரண்டு சீலும் சேர்ந்து ஒரு பிரியாணிச் செலவு. அவற்றை மாற்ற இன்ஜினைத் திறக்கும் கூலிதான் பெரிசு.

வாங்கும் முன் விற்கிறவர் அனுமதித்தால் சைலன்சர் பைப்பைக் கழற்றி எக்ஸாஸ்ட் வாய் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். கிக்கரை மெல்ல அழுத்தினால் பிஸ்டன் கண் முன்னால் ஏறி இறங்கும். அதன் பக்கத்தில் நெடுக்குக் கோடுகள் கீறியிருந்தால் ஏற்கனவே ஒரு முறை சீஸ் ஆன இன்ஜின். போர் அடிப்பது 0.25 மில்லிமீட்டர் படிப்படியாக. எத்தனையாவது சைஸ் பிஸ்டன் ஓடுகிறது என்று கேளுங்கள், ஹெட்டைக் கழற்றினால் பிஸ்டன் தலையிலேயே 25, 50, 75 என்று குத்தியிருக்கும். கடைசி சைஸையும் தாண்டிவிட்டால் ஸ்லீவ் போட வேண்டும். அதற்கும் நம் ஊரில் ஆள் உண்டு. கோயம்புத்தூர் லேத்துக்காரர்களிடம் இதைச் சொன்னால் இதெல்லாம் ஒரு வேலையா என்பார்கள்.

கிராங்க் கொஞ்சம் நுணுக்கம். இது ஒரே துண்டாக வார்த்தது இல்லை, இரண்டு தட்டுக்கு நடுவே பின்னை அழுத்தி ஏற்றியது. கான்ராடு பேரிங் போனால் பிரஸ்ஸில் பிரித்து, புதுசு ஏற்றி, மறுபடி நேர் பார்க்க வேண்டும். டயல் கேஜ் வைத்து, செம்புச் சுத்தியலால் தட்டித் தட்டி, மயிரிழை ஆட்டம்கூட இல்லாமல் எடுக்கிறவர்கள் ஊருக்கு ஒருவர் இருப்பார்கள். அவரைத் தேடிப் பிடியுங்கள், இரண்டு வாரம் காக்கவைத்தாலும் காத்திருங்கள். கூலியில் பேரம் பேசாதீர்கள்.

ஆயில் பம்ப்பையும் விசாரியுங்கள். யமஹாவின் ஆட்டோலூப் முறையில் டூ-டி ஆயிலுக்குத் தனி டேங்க், ஆக்சிலரேட்டர் திருகும் அளவுக்குத் தகுந்தபடி பம்ப் ஆயிலைச் சொட்டும். பல பட்டறைகளில் இதைக் கழற்றி எறிந்துவிட்டு ‘பெட்ரோல்லயே கலந்து ஊத்திக்குங்க, அதான் சேஃப்’ என்பார்கள். லிட்டருக்கு 20 மில்லி கலந்தால் வண்டி ஓடும், மறுக்கவில்லை. ஆனால் பம்ப்போடு இருக்கிற வண்டிக்கு நான் கூடுதல் மதிப்பு போடுவேன், பம்ப்பும் அதன் கேபிளும் இன்று எளிதில் கிடைப்பதில்லை.

விலைக்கு வருவோம். ஆர்எக்ஸ் 100-க்கு இன்று ஒரு லட்சத்தைத் தாண்டிச் சர்வ சாதாரணமாகக் கேட்கிறார்கள். அது நியாயமா என்று கேட்டால், எந்த வண்டிக்கு என்று திருப்பிக் கேட்பேன். உலகச் சந்தையைப் பாருங்கள். 1969-இல் ஹோண்டா சிபி 750 வந்தபோது அது விற்குமா என்று கம்பெனிக்கே உறுதியில்லை. அதனால் கிராங்க்கேஸ் வார்க்க விலையுயர்ந்த அச்சுகளில் முதலில் காசு போடவில்லை. முதல் ஏழாயிரத்துச் சொச்சம் வண்டிகளின் கிராங்க்கேஸ் சொரசொரப்பாகவே வந்தது. வண்டி பிய்த்துக்கொண்டு போனதும் நல்ல அச்சு செய்து வழவழப்பாக்கிவிட்டார்கள். இன்றைக்கு அந்தச் சொரசொரப்பு வண்டிக்குத்தான் அடுத்து வந்ததைப் போலப் பல மடங்கு விலை. ஓடுவதில் வித்தியாசம் இல்லை. திரும்ப வராது என்பதற்குக் கொடுக்கும் காசு அது.

அதே கணக்கை இங்கே போடுங்கள். உயிருள்ள ஆர்.சி., ஒத்துப்போகும் இரண்டு நம்பர், பிரிக்காத சேசிஸ், கம்பெனி டேங்கும் மீட்டரும், நீல நிறமோ சிவப்போ மங்கிய பெயின்ட், இன்ஜின் மட்டும் புகைகிறது. கேட்கிற விலையைக் கொடுக்கலாம். இன்னொரு வண்டி: கண்ணாடி மாதிரிப் பெயின்ட், அலாய் வீல், உள்ளே 135-இன் சிலிண்டர், சத்தம் தெருவையே தூக்குகிறது, புக் ‘நாளைக்கு வரும்’. ஆர்எக்ஸ் 135-க்கு 58 மில்லிமீட்டர் போர், அதே 50 ஸ்ட்ரோக், 132 சிசி. அதை நூறில் மாட்டினால் பறக்கும்தான். ஆனால் அது இனி ஆர்எக்ஸ் 100 இல்லை, பழைய ஆர்எக்ஸ் 100-இன் விலையைக் கேட்க அதற்கு உரிமையும் இல்லை. கூடவே கழற்றிய அசல் சிலிண்டரைக் கோணியில் கட்டி வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். வைத்திருந்தால் பேச்சைத் தொடரலாம்.

ராஜ்தூத் 350 வாங்க ஆசை இருந்தால் வேறு கணக்கு. 347 சிசி, இரண்டு சிலிண்டர், ஆறு கியர். வெளிநாட்டு ஆர்டி 350-க்கு 39 குதிரைச் சக்தி, இங்கே முதலில் 30.5, பிறகு மைலேஜுக்காக அடக்கி 27. முன்னதை எச்.டி. என்பார்கள், பின்னதை எல்.டி. முன்சக்கரத்தில் டிஸ்க்குக்குப் பதில் எக்ஸ்எஸ் 650-இலிருந்து எடுத்த டிரம் பிரேக். ஓடுகிற வேகத்துக்கு அது பற்றாது. எல்.டி.யை எச்.டி. என்று விற்பவர்கள் உண்டு. இரண்டு சிலிண்டருக்கு நடுவே கிராங்க்கில் இன்னொரு சீல் இருப்பதால் அந்த கிராங்க்கைச் சரிசெய்யும் கைகள் இன்னும் அபூர்வம். பாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். முதல் பழைய வண்டியாக அதை வாங்காதீர்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வாங்கியாயிற்று, இனிப் புதுப்பிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஸ்பேனரை எடுக்கும் முன் போனை எடுத்து நாலு பக்கமும் படம் பிடியுங்கள். ஒயர் எந்த வழியாகப் போகிறது, எந்த போல்ட்டில் எந்த வாஷர் என்பதெல்லாம் ஆறு மாதம் கழித்து மறந்துபோகும். கழற்றிய போல்ட்டுகளைச் சிறு சிறு பையில் போட்டுப் பெயர் எழுதுங்கள். வேலை முழுசாக முடிகிற வரை பழைய பாகம் எதையும் பழைய இரும்புக்குப் போடாதீர்கள், புதுசாக வாங்கியது பொருந்தாது என்பது பூட்டும்போதுதான் தெரியும்.

ஜப்பான் வண்டிகளின் ஸ்டார் ஸ்க்ரூவுக்கும் நம் கடையில் கிடைக்கும் ஸ்டார் ஸ்க்ரூடிரைவருக்கும் அளவு ஒன்றில்லை. ஜப்பானுக்கென்று தனித் தர அளவு இருக்கிறது, அந்த ஸ்க்ரூ தலையில் சிறு புள்ளி இருக்கும். சாதாரண டிரைவரைப் போட்டு அழுத்தித் திருகினால் வழுக்கித் தலை மழுங்கும். கார்புரேட்டரிலும் இன்ஜின் மூடியிலும் மழுங்கிய ஸ்க்ரூ இல்லாத பழைய வண்டியைப் பார்ப்பது அரிது. அந்த அளவு டிரைவர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், பெரிய செலவில்லை. மெக்கானிக்கிடமே வேலை கொடுப்பதானாலும், ‘அண்ணே, இதை வச்சுக் கழட்டுங்க’ என்று கையில் கொடுங்கள். சிரிப்பார், பரவாயில்லை.

சேசிஸுக்கு மணல் அடித்து பவுடர் கோட்டிங் செய்வது இப்போது வழக்கம். உறுதியான வேலைதான். ஆனால் மணல் அடிக்கிறவர் நம்பர் இருக்கும் இடத்தையும் சேர்த்து அடித்தால் எழுத்து தேயும், அதன் மேல் கனமான பவுடர் படிந்தால் பென்சிலுக்குச் சிக்காது. கொடுக்கும் முன் அந்த இடத்தைத் தடித்த டேப் ஒட்டி மூடச் சொல்லுங்கள், நேரில் நின்று பாருங்கள். குரோமுக்குக் கொடுப்பதானால் செம்பு, நிக்கல், அப்புறம் குரோம் என்று வரிசையாக ஏற்றுகிறார்களா என்று கேளுங்கள். செம்பை விட்டுவிட்டு அடித்தால் அடுத்த மழைக்காலம் தாண்டாது. டேங்க் உள்துருவுக்கு எலுமிச்சை உப்பு எனும் சிட்ரிக் ஆசிடை வெந்நீரில் கரைத்து ஊற்றி ஓர் இரவு வைத்தாலே போதும். பிறகு சோடா உப்புக் கரைசலால் அலசி, உடனே காயவைத்து, எண்ணெய்ப் பசை ஏற்றிவிட வேண்டும். தாமதித்தால் கண் முன்னாலேயே மறுபடி துருப்பிடிக்கும்.

பெட்ரோலும் மாறிவிட்டது. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்தது. அந்தக் கால ரப்பர் பைப், டேப் வாஷர், கார்புரேட்டர் நீடில் நுனி எல்லாம் அதில் ஊறி வீங்கும். எத்தனால் ஈரத்தை இழுக்கும், நிறுத்தியே வைத்திருக்கும் வண்டிக்கு டேங்க் துரு நிச்சயம். கலவையும் சற்று நீர்த்துப் போகும், டூ ஸ்ட்ரோக்குக்கு அது சூடு. ரப்பரையெல்லாம் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றி, ஸ்பார்க் பிளக் நிறம் பார்த்து, வெளுத்திருந்தால் ஒரு சைஸ் பெரிய மெயின் ஜெட் போடச் சொல்லுங்கள்.

எந்த வண்டி வாங்கலாம் என்று இன்னும் நீங்கள் கேட்கவில்லை. ஆர்எக்ஸ் 100 என்றே முடிவு செய்துவிட்டீர்கள் போலிருக்கிறது. என்னைக் கேட்டால் ஓசூர்க்காரனைக் கொஞ்சம் பாருங்கள் என்பேன். டிவிஎஸ்ஸும் சுசுகியும் 2001-இல் பிரிவதற்கு முன்பு சாமுராய், ஷோகன், ஷாவோலின் என்று வரிசையாக விட்டார்கள். ஷோகனின் இன்ஜின் யமஹாவுக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை, ஆனால் பேரும் புகழும் அந்தப் பக்கம் போனதால் விலை இன்னும் மட்டாக இருக்கிறது. நிம்மதியாகத் தினம் ஓட்ட வேண்டும் என்றால் சிடி 100. ஃபோர் ஸ்ட்ரோக், அதே குடும்பத்து இன்ஜின் பிறகு ஸ்ப்ளெண்டரில் லட்சக்கணக்கில் ஓடியதால் எந்த ஊர்க் கடையிலும் சாமான் உண்டு. சீறலுக்கு ஆசைப்படுகிறவர் அதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை, அதனால்தான் மலிவு.

சரி, ஞாயிற்றுக்கிழமை அந்த ஆர்எக்ஸைப் பார்க்கப் போகிறீர்கள் அல்லவா? முந்தின நாளே அவருக்குப் போன் போட்டு, நான் வரும் வரை வண்டியை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போனதும் முதலில் இன்ஜின் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த இன்ஜினில் எதையோ மறைக்கிறார். அரைமணி நேரம் ஆர்.சி. புக்கைப் படித்துக்கொண்டு உட்காருங்கள், அது ஆறட்டும். பிறகு உதையுங்கள்.